டெலியா பேருக்கு வராத கடிதம்

காலை ஏழே முக்காலுக்கு டெலிபோன் அடித்தபோது டெலியாவின் இடது கை மாமியாரின் முகவாயைத் தாங்கிக்கொண்டிருந்தது. வலது கையில் கரண்டி, கரண்டியில் காப்பியில் ஊறிய இனிப்பு ரொட்டி. டெலிபோனுக்குக் கையெட்டும் தூரத்தில் உட்கார்ந்து, பத்திரிகையில் அன்றைய கடல் ஏற்ற இறக்க நேரங்களைப் படித்துக்கொண்டிருந்தான் அவள் புருஷன் அமரோ.

“அமரோ! அத எடேன்!”

“உனக்குத்தான் இருக்கும்” என்றான், தலையைத் தூக்காமலே.

கரண்டியை வைத்து, மாமியாரின் வாயைத் துடைத்து, கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு அவளேதான் ஓடிப்போய் எடுத்தாள். ஃபால் ரிவர் ஊரின் அந்த மூன்று மாடி மரவீட்டில் எதற்குமே அவள்தான் ஓட வேண்டும். மூன்று வருஷத்துக்கு முன்னால் மாமியார் எர்மினியாவுக்குப் பக்கவாதம் வந்தபோதும் அப்படித்தான். யார் பார்த்துக்கொள்வது என்று குடும்பமே கூடி உட்கார்ந்து பேசியது. பேசி முடித்தபோது எல்லோர் கண்ணும் டெலியா மேல் இருந்தது. திரைச்சீலைத் தொழிற்சாலையில் பதினாறு வருஷத் தையல் வேலையை அவள் விட்டாள். அந்த வேலையோடு அவள் பெயரில் இருந்த மருத்துவ இன்சூரன்ஸும் போயிற்று. “ஒரு வீட்டுக்கு எதுக்கு ரெண்டு இன்சூரன்ஸ்? அமரோவோடது இருக்கே!” என்றார்கள். அவளும் சரி என்றாள். சரி சொல்லிச் சொல்லியே பழகிவிட்டவள் அவள்.

டெலிபோனில் பாஸ்டன் ஆஸ்பத்திரி.

“மேனா அருடாவோட அம்மாவா? மே பதினெட்டு ஆபரேஷனுக்காக இன்சூரன்ஸ் கம்பெனிகிட்ட அனுமதி கேட்டோம். உங்க இன்சூரன்ஸ் ஜனவரி முப்பத்தொண்ணோட முடிஞ்சு போச்சுன்னு சொல்றாங்களே... வேற எதாச்சும் இருக்கா, மேடம்?”

“முடிஞ்சு போச்சா? அது எப்படி... அவருக்கு வேலை போனாலும் அது தொடரும்னு சொன்னாங்களே!”

“தொடரணும்னா ஃபாரத்துல கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கணும் மேடம். நோட்டீஸ் வந்து அறுபது நாளுக்குள்ள. அனுப்பலைன்னு சொல்றாங்க. அடுத்த வெள்ளிக்கிழமை வரைக்கும் பாக்கறோம். அப்பறம் அந்தத் தேதிய வேற பிள்ளைக்குக் குடுக்க வேண்டி வரும்.”

உள் அறையில் மேனா பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். பதினாலு வயது. அக்குளிலிருந்து இடுப்புவரை பிளாஸ்டிக் கவசம், மேலே அம்மா தொளதொளவென்று தைத்துக் கொடுத்த சட்டை. கவசம் போட்டும் முதுகெலும்பு வளைந்துகொண்டே போகிறது. இனியும் காத்திருந்தால் நுரையீரலை நெருக்கும் என்று டாக்டர் படம் போட்டுக் காட்டியிருந்தார். அந்த மே பதினெட்டுக்காக எட்டு மாதம் வரிசையில் காத்திருந்தார்கள்.

ரிசீவரை வைத்துவிட்டு அவள் திரும்பியபோது, வழக்கம்போல அம்மாவைப் பார்க்க வந்த அமரோவின் அக்கா இல்டா, கையில் ரொட்டிப் பொட்டலத்தோடு வாசலில் நின்றாள். டெலியா விஷயத்தைச் சொன்னாள். சொன்னதுதான் தாமதம், எர்மினியா ஆரம்பித்துவிட்டாள். பக்கவாதத்தில் அவளுக்கு வலது கை போயிற்று, வலது கால் போயிற்று... நாக்கு மட்டும் அப்படியே இருந்தது.

“கத்தி வேணாம், பிள்ளை முதுகுல கத்தி வெக்க வேணாம்னு தலையால அடிச்சுக்கிட்டேன்! கேட்டாளா இந்த மகராசி? இப்ப பரிசுத்த ஆவியே பாத்து நிறுத்திட்டாரு!”

“பரிசுத்த ஆவிக்கு இன்சூரன்ஸ் கம்பெனிலதான் வேலையா, அம்மா?” என்றாள் டெலியா.

“பாத்தியாடா அமரோ, அவ பேசறத!”

அமரோ பத்திரிகையை மடித்தான். “என்னையே எல்லாரும் பாத்தா? வீட்டுக்கு வர்ற காகிதமெல்லாம் உன் பொறுப்பு டெலியா. நான் எப்பவாச்சும் அதுல தலையிட்டிருக்கேனா?”

“லெட்டர் வந்துச்சா வந்துச்சான்னு உன்ன எத்தன தடவ கேட்டேன்! வரும், வரும்னியே!”

“வரும்னுதான் சொன்னேன். வந்துச்சா இல்லியான்னு எனக்கு எப்படித் தெரியும்?”

இல்டா ரொட்டியை மேசைமேல் வைத்தாள். அவள் கை பொட்டலத்தின் மேலேயே சற்று நேரம் நின்றது. பிறகு எல்லோரையும்விடப் பெரிய குரலில் சொன்னாள்: “இந்த வீட்டுலயே ஒழுங்கா இங்கிலீஷ் படிச்சவ நீ ஒருத்திதான்! பிஸ்கட் டப்பாவுல பழைய கவரெல்லாம்கூடச் சேத்து வெக்கிறவ, பெத்த பொண்ணோட லெட்டரத் தொலைச்சிட்டியே... குப்பையில போட்டுட்டு இப்ப என் தம்பி தலைல கட்டாத!”

உள்ளேயிருந்து மேனா வந்து நின்றாள். “ஆபரேஷன் இல்லியாம்மா?” என்று மட்டும் கேட்டாள்.

அந்த நிமிஷம் டெலியாவின் மனதில் ஒரு பொல்லாத எண்ணம் வந்தது. போன அக்டோபரில் இந்த ஆபரேஷனை முன்னிட்டுத்தான் சண்டை. பிள்ளைக்குக் கத்தி வைக்க விடமாட்டேன் என்று அமரோ கத்தினான், வைத்தே தீர வேண்டும் என்று அவள் கத்தினாள், அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இல்டா வீட்டுக்குப் போய்விட்டான். கோயிலிலும் தெருவிலும் கேட்டவர்களுக்கு, ‘அக்கா வீட்டுக் கூரை ஒழுகுது, பழுது பாக்கப் போயிருக்கான்’ என்று குடும்பமே ஒரே குரலில் சொன்னது. நாலு மாதம் பழுது பார்க்கிற அளவுக்கு அந்தக் கூரையில் என்ன இருந்தது என்று கேட்கிற தைரியம் யாருக்கும் வரவில்லை. அங்கே இருந்தபோதுதான், ஜனவரியில், அட்டைப்பெட்டித் தொழிற்சாலை அவனையும் இன்னும் நாற்பது பேரையும் வீட்டுக்கு அனுப்பியது. பிப்ரவரி நடுவில் அம்மா கட்டிலிலிருந்து விழுந்தபோது பெட்டியோடு திரும்பி வந்தான். ஆபரேஷனைப் பற்றி அதன்பிறகு வாயைத் திறக்கவில்லை. ஒத்துக்கொண்டுவிட்டான் என்று அவள் நினைத்தாள். இல்லை... வேண்டுமென்றே கடிதத்தை மறைத்துவிட்டானா?

“அக்கா, அம்மாவுக்கு மிச்சத்த நீங்க ஊட்டுங்க” என்று கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

“நானா? எனக்குப் பழக்கமில்லியே...”

“பழகிக்கோங்க.”

அமரோ வேலை பார்த்த அட்டைப்பெட்டித் தொழிற்சாலையின் ஆபீஸில் திருமதி திபோ, சங்கிலி கோத்த கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு ஃபைலைப் புரட்டினாள். கெட்டவள் இல்லை, ஆனால் பாதி ஆலை மூடிக்கிடக்க, தினமும் பத்துப் பேர் வந்து மேசை முன்னால் அழுதால் யாருக்குத்தான் பொறுமை இருக்கும்?

“பிப்ரவரி ஒண்ணாந்தேதி தபால்ல போட்டிருக்கோம், மேடம். இதோ நகல். போட்டதுக்கு ரிஜிஸ்தர்ல பதிவும் இருக்கு.”

“எங்களுக்கு வரலியே!”

“அனுப்பறதுதான் எங்க கடமை. கைல குடுத்துக் கையெழுத்து வாங்கணும்னு சட்டம் இல்ல. அறுபது நாள் ஏப்ரல் ரெண்டாந்தேதியே முடிஞ்சாச்சு. நான் என்ன பண்ண முடியும் சொல்லுங்க?”

“எந்த விலாசத்துக்குப் போட்டீங்க?”

திருமதி திபோ விரலை வைத்து வாசித்தாள். இல்டா வீட்டு விலாசம்.

“உங்க வீட்டுக்காரரே எழுதிக் குடுத்திருக்காரு மேடம், நவம்பர் மாசம். சம்பளக் கவரெல்லாம் அங்க அனுப்பச் சொல்லி. அதுக்கப்பறம் அவரு மாத்தவே இல்லியே.”

டெலியா நன்றி சொல்லக்கூட மறந்துபோய் வெளியே வந்தாள். பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் குன்றின்மேல் அத்தனை தூரமும் நடந்தே இல்டா வீட்டுக்குப் போனாள்.

இல்டாவும் போர்ச்சுகலின் அசோர் தீவுகளிலிருந்து அந்த ஊருக்கு வந்து குடியேறிய பலரைப்போலத்தான். வீடு முழுக்கக் கட்டிவைத்துவிட்டு நிலவறையில் குடியிருப்பாள். சமையல், சாப்பாடு, டிவி, சண்டை எல்லாம் கீழே உள்ள இரண்டாவது அடுக்களையில். மேல் தளம் பளபளவென்று சாத்திக் கிடக்கும். பரிசுத்த ஆவித் திருவிழாவில் வீடு வீடாகக் கொண்டுவரப்படும் கோயில் கிரீடம் அவர்கள் வீட்டுக்கு வருகிற வாரத்திலோ, சாமியார் வந்தாலோதான் அந்தக் கதவு திறக்கும். சொந்தப் புருஷன் செத்தபோது மட்டும் அவனை ஒரு நாள் மேலே படுக்கவைத்தாள்.

கீழே அடுக்களையில் அமரோ காப்பி குடித்துக்கொண்டிருந்தான். வீட்டில் சண்டை என்றால் அவன் கால் தன்னால் இங்கேதான் வரும். இல்டாவும் அம்மாவை டெலியா வீட்டு மேல்மாடியில் குடியிருக்கும் பெண்மணியிடம் விட்டுவிட்டு ஓடிவந்திருந்தாள்.

“லெட்டர் எங்க?” என்றாள் டெலியா.

“எந்த லெட்டர்?” என்றான் அமரோ. அவன் முகத்தில் நிஜமான குழப்பம். இல்டாவின் முகத்தில் அது இல்லை. அவள் சுண்ணாம்பாக வெளுத்துப்போயிருந்தாள்.

டெலியா இரண்டு பேரையும் பார்த்தாள். மதிப்பான எதையும் இல்டா மேலேதான் வைப்பாள் என்று தெரிந்தவள், மாடிப்படி ஏறினாள்.

“ஏய்! செருப்பு! செருப்பக் கழட்டுடி! மேல கம்பளம்...!” இல்டா பின்னாலேயே ஓடினாள்.

டெலியா கழட்டவில்லை. ஏப்ரல் மாதச் சேற்றோடு அந்த வெள்ளைக் கம்பளத்தின்மேல் நேராக நடந்தாள். பிளாஸ்டிக் உறை போட்ட சோபா, பீங்கான் நாய்கள், கல்யாண போட்டோக்கள். சுவரோரம் இருந்த அலமாரியின்மேல் பின்னல் துணி, அதன்மேல் மாதா சொரூபம், மாதாவின் காலடியில் நீளமான வெள்ளைக் கவர். பிரிக்கவே இல்லை.

இல்டா வாசற்படியிலேயே உட்கார்ந்து ஓவென்று அழ ஆரம்பித்தாள்.

“கவுர்மென்ட் லெட்டர் மாதிரி இருந்துச்சுடி... கீழ வெச்சா எண்ணெ பட்டுடும், மீன் நாத்தம் ஒட்டிடும்னு மரியாதையா மேல கொண்டாந்து வெச்சேன்... அமரோ அன்னிக்குப் படகுல போயிருந்தான். வந்ததும் குடுக்கலாம்னு... மறந்தே போச்சு! மாதா மேல சத்தியமா மறந்து போச்சு!”

“இன்னிக்குக் காலைலயுமா மறந்து போச்சு அக்கா?”

பின்னால் வந்து நின்ற அமரோ, “அக்கா?” என்றான்.

“காலைல ஞாபகம் வந்துடுச்சு...” இல்டா கோடுபோட்ட ஏப்ரனில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். “வாயத் தொறக்க முடியல. அம்மா முன்னாடி... பயமா இருந்துச்சு. அவ மேல பழியப் போட்டா எல்லாரும் நம்பிடுவாங்கன்னு...”

“நம்பத்தான் நம்பினாங்க!” டெலியாவுக்கு அத்தனை வருஷக் கோபமும் தொண்டைக்கு ஏறி வந்தது. “எது தொலைஞ்சாலும் நான்தான் தொலைச்சேன்! எது கெட்டாலும் நான்தான் கெடுத்தேன்! இருபத்திரெண்டு வருஷம்... உங்கம்மாவுக்காக வேலைய விட்டேன். என் இன்சூரன்ஸ விட்டேன். ராத்திரித் தூக்கத்த விட்டேன். யாராச்சும் ஒரு வார்த்த... ஒரே ஒரு வார்த்த... ‘டெலியா, பாவம் உனக்கும் ரெண்டே கைதானே’ன்னு கேட்டிருக்கீங்களா? எனக்கு அதுகூட வேணாம். என் பொண்ணு நிமிந்து நிக்கணும். அவ்வளவுதான் கேட்டேன். அதையும் கொண்டுபோய் மாதா காலடில வெச்சுப் பூட்டிட்டீங்களே!”

அமரோ சுவரில் சாய்ந்து நின்றான். “விலாசத்த நான்தான் மாத்திக் குடுத்தேன்” என்றான் தரையைப் பார்த்து. “சம்பளக் கவர் உன் கைக்கு வரக்கூடாதுன்னு... வீம்புக்கு. அப்பறம் மறந்துட்டேன். எல்லாம் முடிஞ்சு போச்சு டெலியா. இனிமே அத வெச்சு என்ன பண்றது? தூக்கிப் போடு.”

அவர்கள் இருவரையும் அப்படியே விட்டுவிட்டு, டெலியா போய் அந்தப் பிளாஸ்டிக் சோபாவில் உட்கார்ந்தாள். கவரைப் பிரித்தாள். எட்டுப் பக்கம், எறும்பு எழுத்து. முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை விரல் வைத்துப் படித்தாள். இந்தக் குடும்பத்தில் ஒரு காகிதத்தை முழுசாகப் படிக்கிற பழக்கம் அவள் ஒருத்திக்குத்தான் இருந்தது. அதற்காக வாங்காத கேலி இல்லை.

ஐந்தாவது பக்கத்தில் விரல் நின்றது. மறுபடி படித்தாள். வேலை போனவருக்கு ஒரு உரிமை. அவர் மனைவிக்குத் தனியாக ஒரு உரிமை. பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு உரிமை. அவர் வேண்டாம் என்றாலும் இவர்கள் வேண்டும் என்று சொல்லலாம்.

கவரைத் திருப்பிப் பார்த்தாள். ‘திரு. அமரோ அருடா.’ அவ்வளவுதான்.

“இதுல என் பேர் எங்க?” என்று கேட்டாள். யாரைக் கேட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, அந்த எட்டாவது பக்கத்தின் அடியில் இருந்த தொழிலாளர் துறை நம்பருக்குப் போன் செய்தாள். இருபது நிமிஷம் பாட்டுக் கேட்க வைத்தார்கள். பிறகு எதையோ மென்றுகொண்டே ஒரு ஆள் பேசினார். கதையைக் கேட்கக் கேட்க அவர் மெல்லுவதை நிறுத்தினார்.

“ஒரே வீட்டுல இருந்தா புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேர் பேரையும் போட்டு ஒரு கவர் போதும் மேடம். வேற வேற இடத்துல இருக்காங்கன்னு கம்பெனிக்குத் தெரிஞ்சா, மனைவிக்குத் தனியா அனுப்பியே ஆகணும். பிப்ரவரி ஒண்ணாந்தேதி நீங்க எங்க இருந்தீங்க?”

“என் வீட்டுலதான். அவருதான் அவங்க அக்கா வீட்டுல.”

“அது கம்பெனிக்குத் தெரியுமா?”

டெலியா யோசித்தாள். நவம்பரில் மேனாவை டாக்டரிடம் கூட்டிப்போக இன்சூரன்ஸ் அட்டை கையில் இல்லை. அமரோவிடம் போய்க் கேட்க மனமில்லாமல் அவளே ஆலைக்குப் போய் எழுதிக் கொடுத்தாள். திருமதி திபோதான் புது அட்டையைத் தபாலில் அனுப்பினாள். அந்தக் கவர்... டெலியா ரிசீவரைத் தொங்கவிட்டுவிட்டு ஓடிப்போய்ப் பிஸ்கட் டப்பாவைக் கவிழ்த்தாள். இருந்தது. ஆலையின் முத்திரை, நவம்பர் தேதி, ‘திருமதி டெலியா அருடா’, அவளுடைய வீட்டு விலாசம்.

“அப்படின்னா உங்க அறுபது நாள் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல மேடம்” என்றார் அந்த ஆள். “உங்க பொண்ணு உங்களோட இருக்கறதால அவளுக்கும்தான். போய்க் கேளுங்க. மாட்டேன்னா எனக்குப் போன் பண்ணுங்க, நான் பேசறேன்.”

ஆலைக்கு அமரோவும் வந்தான். வராதே என்று அவள் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. ஆபீஸில் கூட்டம். கடைசிச் சம்பளக் காகிதம் வாங்க வந்த ஆட்கள் ஏழெட்டுப் பேர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை பேரும் ஒரே கோயில், ஒரே தெருக்கள், அமரோவோடு இருபது வருஷம் பெட்டி மடித்தவர்கள்.

டெலியா இரண்டு கவர்களையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். திருமதி திபோ இரண்டையும் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டாள்.

“நவம்பர்ல அட்டை அனுப்பினது வாஸ்தவம்தான்... ஆனா அமரோ எங்கிட்ட என்ன சொன்னாரு? அக்கா வீட்டுக் கூரை வேலை, கொஞ்ச நாளைக்கு அங்க இருக்கோம்னாரு. குடும்பமே அங்க போயிருக்கும்னு நாங்க நெனச்சோம். ஒரு வீடு, ஒரு கவர். அதுல தப்பு என்ன? முதலாளி எங்கிட்டதானே கேப்பாரு, மேடம்!”

“குடும்பம் போகல. அவரு மட்டும்தான்...”

“கூரை வேலைக்கு ஒரு ஆள் தனியாப் போனா ரெண்டு வாரம். நாலு மாசமா? என்ன அமரோ, நீங்களே சொல்லுங்க. நீங்க ரெண்டு பேரும் ஒண்ணாத்தானே இருந்தீங்க?”

பெஞ்சில் பேச்சு நின்றது. டெலியா அமரோவைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் கெஞ்சிவிடுவோமோ என்று பயம். அவளுக்கு அவனைத் தெரியும். அவன் பொய் சொல்லுகிறவன் இல்லை. ஆனால் நாலு பேர் முன்னால் தலை குனிவதைவிட நாலு நாள் பட்டினி கிடப்பான். கூரைக் கதையைச் சொல்லி அவன் தன் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டால், மே பதினெட்டு வேறு பிள்ளைக்குப் போய்விடும்.

அமரோ தொப்பியைக் கழற்றினான்.

“கூரையெல்லாம் சும்மா” என்றான். “எங்கக்கா வீட்டுக் கூரைல ஒரு ஆணிகூட நான் அடிக்கல. நான் இவள விட்டுட்டுப் போனேன். முடியாத பிள்ளையையும் எங்கம்மாவையும் இவ தலைல போட்டுட்டு, பெட்டியத் தூக்கிட்டுப் போய்ட்டேன். அக்டோபர்லேர்ந்து பிப்ரவரி வரைக்கும். இந்த லெட்டர் வந்தன்னிக்கு நான் எம்பொண்டாட்டியோட இல்ல. எழுதிக்கோங்க. எங்க வேணும்னாலும் கையெழுத்துப் போடறேன்.”

யாரோ ஒருவர் இருமினார். திருமதி திபோ ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக் கொடுத்தாள். அமரோ நின்றபடியே எழுதினான். பெஞ்சில் இருந்த எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு, காதுமடல் சிவக்க. அதை எடுத்துக்கொண்டு திருமதி திபோ உள்ளே முதலாளி அறைக்குப் போனாள், அரைமணி நேரம் கழித்து வந்தாள்.

“உங்க பேருக்குப் புது நோட்டீஸ் இன்னிக்கே போடறோம், திருமதி அருடா. நகலை இங்கயே தர்றேன். கையெழுத்துப் போட்டுப் பணம் கட்டினா பிப்ரவரிலேர்ந்தே விட்டுப்போகாம சேரும்.” பிறகு அமரோவைப் பார்த்துச் சற்றுத் தயங்கினாள். “ஆனா உங்களுக்கு அனுப்பினது சரியான விலாசத்துக்குத்தான், அமரோ. நீங்க சொன்ன விலாசம். உங்க அறுபது நாள் முடிஞ்சது முடிஞ்சதுதான். இவங்களுக்கும் பொண்ணுக்கும் மட்டும்தான் இது.”

“சரி” என்றான் அமரோ. “அது போதும்.”

சனிக்கிழமை தபாலில் கவர் வந்தது. திருமதி டெலியா அருடா. கல்யாணப் பத்திரிகை, மின்சார பில், அந்த நவம்பர் அட்டை தவிர, வேலையை விட்டதிலிருந்து அவள் பெயருக்கு ஒரு முக்கியமான காகிதம் வந்தது அதுதான் முதல் தடவை. மேசையில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டாள். ஆஸ்பத்திரி சொன்ன வெள்ளிக்கிழமைக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது. பிப்ரவரியிலிருந்து கட்ட வேண்டியதற்கு அமரோ தன் சின்ன மீன்பிடிப் படகை விற்றிருந்தான். நியூ பெட்ஃபோர்டில் மீன் வெட்டுகிற கூடத்தில் வேலைக்கும் சேர்ந்திருந்தான். இல்டா தினமும் வந்து அம்மாவுக்கு ஊட்டினாள், பாதியைக் கழுத்துத் துணியில் கொட்டி.

“என் பையன் பேரு அதுல இல்லியாமே” என்றாள் எர்மினியா, நாற்காலியிலிருந்து.

டெலியா பேனாவை மூடினாள். இன்னொரு சண்டைக்கு அவளிடம் தெம்பு இல்லை. “இல்ல, அம்மா. இனிமே சேக்கவும் முடியாது.”

“அவனுக்கு எதாச்சும் ஆயிட்டா?”

“ஆகாம இருக்க வேண்டிக்குங்க.”

கிழவி நல்ல கையை நீட்டி டெலியாவின் முழங்கையைப் பிடித்தாள். “எனக்கு ஊட்டறதுக்காக நீ வேலைய விட்ட... அந்த வேலையோட உன் இன்சூரன்ஸ் போச்சுன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்டி. தெரிஞ்சேதான் பேசாம இருந்தேன். வேற யாரு ஊட்டினாலும் எனக்குத் தொண்டைல எறங்காது. அதான்... சுயநலம்.” அவள் வாயோரம் கோணியது. “பிள்ளைக்குக் கத்தி வெக்கறது எனக்கு இன்னும் பயமாத்தான் இருக்கு. ஆனா நீ சொல்றது சரியாத்தான் இருக்கும். போய்ட்டு வா. இந்த இல்டா என்னக் கொன்னாலும் பரவால்ல.”

“நான் இங்கதாம்மா இருக்கேன்!” என்று அடுக்களையிலிருந்து இல்டா கத்தினாள். டெலியாவுக்குச் சிரிப்பு வந்தது. அந்த வீட்டில் அவள் சிரித்து நாளாயிற்று.

மே பதினெட்டு விடிகாலை பாஸ்டன் ஆஸ்பத்திரியின் பதிவு மேசை முன்னால் மூன்று பேரும் நின்றார்கள். மேனா தன் கவசத்தைக் கடைசி தடவையாகப் போட்டு வந்திருந்தாள். மேசைக்குப் பின்னால் இருந்த பெண் தட்டச்சு செய்துகொண்டே வரிசையாகக் கேட்டாள். பெயர், வயது, ஒவ்வாத மருந்து.

“இன்சூரன்ஸ் யார் பேர்ல?”

அந்தக் கேள்விக்கு மூன்று வருஷமாக அந்தக் குடும்பத்தில் ஒரே பதில்தான். அமரோவுக்குப் பழக்க தோஷத்தில் வாய் திறந்தது. திறந்த வாயோடு டெலியாவைப் பார்த்தான்.

“இவங்க பேர்ல” என்றான். “டெலியா அருடா. என் மனைவி.”

“சரி. உங்க பேரையும் அதுலயே போட்டுக்கட்டுமா?”

“இல்லீங்க, நான் அதுல இல்ல” என்றான் அமரோ. “நான் கூட வந்திருக்கேன்.”

டெலிபோன் வந்த நாளிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள் டெலியா. இல்டா வீட்டிலும் அழவில்லை, ஆலையிலும் அழவில்லை. இப்போது அந்தப் பதிவு மேசை முன்னால், இத்தனை பேர் பார்க்க, அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. மீன் வாடை போகாத அவன் கோட்டில் முகத்தை அழுத்திக்கொண்டு விசும்பி விசும்பி அழுதாள். அமரோ அவள் முதுகைத் தடவினான்.

“அம்மா” என்றாள் மேனா பொறுமையில்லாமல், “அவங்க உன் கையெழுத்துக்கு நிக்கறாங்க.”

டெலியா கண்ணைத் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினாள். எட்டுப் பக்கம் இருந்தது. அத்தனை பேரையும் காக்கவைத்து, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள்.